தம்புள்ளை வெங்காயமும் நான்காம் குறுக்குத் தெருவும்

2023 டிசம்பர் 8 ஆம் திகதி ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடைக்குத் திரும்பியபோது புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெரு ஒரு மாதிரியாக இருந்தது. லொறிகள் நின்றன, நாட்டாமைமார் சும்மா குந்தியிருந்தார்கள். விலை கேட்டு வந்த சில்லறைக் கடைக்காரர்களுக்கு யாரும் விலை சொல்லவில்லை. வெங்காயம் வைத்திருந்தவர்கள் இல்லை என்றார்கள். இல்லாதவர்கள் இந்தியாவுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்திய அரசாங்கம் அன்று முதல் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. 2024 மார்ச் 31 வரை என்று முதலில் சொன்னார்கள். நீக்கியது மே மாதத்தில்தான்.

அந்த ஐந்து மாதங்களையும் வியாபாரச் சகோதரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சில்லறைக் கடைகளில் ஒரு கிலோ 500 ரூபாவையும் தாண்டியது. பாகிஸ்தானிலிருந்தும் சீனாவிலிருந்தும் கொண்டுவந்தோம். ஏப்ரலில் இந்தியா இலங்கைக்கென்று விசேடமாக 10,000 தொன் அனுமதித்தபோது பெரிய உதவி என்று பேசிக்கொண்டோம். கணக்குப் பார்த்தால் நமது நாட்டுக்கு அது இரண்டு, மூன்று வாரத் தேவை.

தடை வந்த அடுத்த வாரம் நான் ஒரு வேலை செய்தேன். வானை எடுத்துக்கொண்டு குருநாகல் வழியாகக் கலேவெலப் பக்கம் போனேன். வாப்பாவின் காலத்திலிருந்து எங்கள் கடைக்கு வெங்காயம் கொண்டுவந்த ஒரு சிங்கள விவசாயி அங்கே இருக்கிறார். அறுவடைக் காலம் முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்தப் பகுதியில் நன்றாகக் காய வைத்து, கொட்டிலில் தொங்கவிட்டு டிசம்பர் வரை வைத்திருப்பவர்கள் முன்பு இருந்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் போனேன்.

கொட்டில் இருந்தது. அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிளும் பழைய கதிரைகளும் இருந்தன.

மனுஷன் என்னை நல்ல முறையில் வரவேற்றார். வாப்பா மௌத்தானதைப் பற்றி விசாரித்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "முதலாளி, வெங்காயம் வேண்டுமென்றால் மே மாதம் வந்திருக்க வேண்டும். டிசம்பரில் வந்தால் தேத்தண்ணீர்தான் தரலாம்."

தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வெறும் வானோடு திரும்பி வந்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தேத்தண்ணீரில்தான் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஏன் நிறுத்தினார்?

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. 1990களில் அவர் ஒவ்வொரு செப்டம்பரிலும் லொறியோடு வருவார். வாப்பா விலை பேசுவார், சாப்பாடு கொடுப்பார், அடுத்த போகத்துக்கு விதை வாங்கச் சில்லறையாகக் காசும் கொடுப்பார். கணக்குப்பிள்ளையின் கொப்பியில் அதற்கென்று ஒரு பக்கம் இருந்தது. 1999 இல் தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பிறகு பெரும்பாலான விவசாயிகள் கொழும்புக்கு வருவதை விட்டுவிட்டார்கள். அது அவர்களுக்கு நல்லதுதான், சந்தை வீட்டுக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் அதோடு நாங்கள் விவசாயியின் முகத்தை மறந்தோம். இடையில் சேகரிப்பவர் ஒருவர், தம்புள்ளைக் கமிஷன் கடைக்காரர் ஒருவர், லொறிக்காரர் ஒருவர். எங்களுக்குத் தெரிந்தது காலை விலை மட்டும்தான்.

இவர் மட்டும் பழக்கத்தை விடாமல் எங்கள் கடைக்கே வந்துகொண்டிருந்தார். இதற்கிடையில் நான் சொந்தமாக இறக்குமதி செய்யத் தொடங்கியிருந்தேன். ஒரு வருடம் செப்டம்பரில் அவருடைய லொறி கடை வாசலில் இரண்டு நாள் நின்றது. அதற்கு முந்திய வாரம்தான் என்னுடைய இரண்டு கொன்டெய்னர்கள் இறங்கியிருந்தன. களஞ்சியத்தில் இடமில்லை. நான் ஒரு விலை சொன்னேன். அது அவருடைய செலவுக்கும் காணாத விலை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மூன்றாம் நாள் அந்த விலைக்கே இறக்கிவிட்டுப் போனார். மறு வருடம் வரவில்லை. அவர் வராததை நான் கவனிக்கவேயில்லை. கவனிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, கொன்டெய்னர் வந்துகொண்டிருந்தது.

இது என்னுடைய கதை மட்டுமல்ல என்பது தெருவில் உள்ளவர்களுக்குத் தெரியும். 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இறக்குமதி வெங்காயத்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று விசேட வியாபாரப் பண்ட அறவீடு விதிக்கப்பட்டு வந்திருக்கிறது. உள்ளூர் அறுவடை வரும்போது அதைக் கூட்டுவார்கள், முடிந்தபின் குறைப்பார்கள். வர்த்தமானி ஓர் இரவில் வரும். ஆகவே நாம் என்ன செய்வோம்? கூட்டப் போகிறார்கள் என்ற கதை காதில் விழுந்தவுடன் முந்திக்கொண்டு கொண்டுவந்து நிரப்பி வைப்போம். வரி ஏறும்போது களஞ்சியம் நிறைந்திருக்கும். விவசாயியைக் காப்பாற்றப் போட்ட வரி, விவசாயியின் வெங்காயம் சந்தைக்கு வரும் அதே வாரத்தில் நமக்கு இலாபமாக மாறும். சட்டத்தில் குற்றமில்லை. ஆனால் தம்புள்ளைக்காரன் பார்வையில் அது எப்படித் தெரியும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இதில் நாமும் அடிபட்டதுண்டு. கப்பல் ஒரு வாரம் பிந்தி, வரி ஏறிய பிறகு இறங்கிய சரக்கில் நான் இழந்த காசை இங்கே எழுதினால் வீட்டில் பிரச்சினையாகிவிடும்.

இப்படி வருடக்கணக்கில் நடந்ததன் பலன் என்ன? பெரிய வெங்காயச் செய்கை பெருமளவு குறைந்துபோனது. மாத்தளை மாவட்டத்திலும் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கங்களிலும் சிறுபோகத்தில் வயலில் நெல்லுக்குப் பதிலாக வெங்காயம் நட்டவர்கள் கத்தரிக்கும் சோளத்துக்கும் போனார்கள். சிலர் கட்டட வேலைக்குப் போனார்கள். 2021 இல் இரசாயன உரத் தடை, 2022 இல் டீசல் இல்லாத நிலை இரண்டும் சேர்ந்து மிச்சமிருந்தவர்களையும் தள்ளிவிட்டன. ஆக, 2023 டிசம்பரில் இந்தியா கதவைச் சாத்தியபோது நமக்குப் பின்கதவு இருக்கவில்லை. அந்தப் பின்கதவை மூடியதில் நமது கையும் உண்டு.

உள்ளூர் வெங்காயத்தின் குறை

வியாபாரிகள் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். உள்ளூர் வெங்காயம் சிறிது, ஈரம் கூட, இரண்டு வாரத்தில் மூடையோடு அழுகும், சாப்பாட்டுக் கடைக்காரன் வாங்க மாட்டான். உண்மைதான். ஆனால் அது ஏன் அழுகிறது என்று கேட்டோமா?

வெங்காயம் முற்றினால் தாள் தானாகச் சாயும். அறுவடைக்கு ஒன்றிரண்டு வாரம் முந்தியே தண்ணீரை நிறுத்த வேண்டும். பிடுங்கிய பிறகு கழுத்து நன்றாக வற்றும்வரை நிழலில் காற்றோட்டமாகக் காய வைக்க வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் காய் பெருக்கும், நிறை கூடும், ஆனால் தாங்காது. இதெல்லாம் விவசாயிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் செய்வதில்லை? காய வைத்தால் நிறை குறையும். நிறை குறைந்த நல்ல வெங்காயத்துக்கும் தண்ணீர் நிறைந்த வெங்காயத்துக்கும் நாம் ஒரே விலைதான் கொடுக்கிறோம். பிறகு அவன் எதற்காகக் காய வைக்க வேண்டும்? மற்றவன் பிடுங்குவதற்கு முதல் தானும் பிடுங்கி, ஈரத்தோடு தராசில் ஏற்றுவதுதான் அவனுக்குக் கெட்டித்தனம். அழுகல் தராசில் தொடங்குகிறது, வயலில் அல்ல.

2011 டிசம்பரில் மரக்கறிகளைப் பிளாஸ்டிக் கூடைகளில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது ஞாபகமிருக்கும். நோக்கம் சரியானது. நமது நாட்டில் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாகிறது என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். ஆனால் கூடையை யார் வாங்குவது, வெறுங்கூடையை யார் திருப்பிக் கொண்டுபோவது, ஒரு லொறியில் ஏறும் நிறை குறைந்தால் கூலி யார் தலையில் என்று யாரும் கேட்கவில்லை. தம்புள்ளையில் பெரிய ஆர்ப்பாட்டம் நடந்தது, சட்டம் தளர்ந்தது. கொழும்பில் இருந்துகொண்டு கிராமத்துக்குக் கட்டளை போடுவதால் ஒன்றும் நடக்காது என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

பம்பாய்க்குப் பால் போன கதை

நாம் பெரிய வெங்காயத்தைப் பம்பாய் வெங்காயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பம்பாய் நகரமும் ஒரு கிராமப் பகுதியும் சேர்ந்து செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும்.

1945 இல் பம்பாய் அரசாங்கம் நகரத்துக்குப் பால் கொண்டுவர ஒரு திட்டம் தொடங்கியது. குஜராத்தின் கெய்ரா மாவட்டத்திலுள்ள ஆனந்த் என்ற ஊரிலிருந்து 400 கிலோமீற்றருக்கு மேல் பால் வர வேண்டும். வாங்கும் உரிமை பொல்சன் என்ற ஒரே கம்பனிக்குக் கொடுக்கப்பட்டது. நகரம் நல்ல விலை கொடுத்தது, ஆனால் அது மாட்டுக்காரன் கைக்குப் போய்ச் சேரவில்லை. சர்தார் வல்லபாய் பட்டேலிடம் போய்ச் சொன்னார்கள். கம்பனிக்குப் பால் கொடுக்காதீர்கள், நீங்களே சங்கம் அமைத்து நேரடியாக நகரத்துக்கு விற்றுக்கொள்ளுங்கள் என்றார். திரிபுவன்தாஸ் பட்டேல் முன்னின்று வேலை செய்தார். 1946 இல் 15 நாட்கள் ஒரு சொட்டுப் பால் போகவில்லை. பம்பாய்த் திட்டம் படுத்துவிட்டது. அதன்பின் அரசாங்கம் இறங்கி வந்தது. அந்த வருடம் டிசம்பர் 14 ஆம் திகதி சங்கம் பதிவானது. 1948 இல் இரண்டு கிராமங்களிலிருந்து நாளொன்றுக்கு 250 லீற்றர் அளவில்தான் தொடங்கினார்கள். அதுதான் பிற்காலத்து அமுல்.

இந்தக் கதையில் போராட்டத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வியாபாரியாகிய எனக்கு அதற்குப் பின்னால் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. குளிர்காலத்தில் எருமைகள் கூடப் பால் கறக்கும், அவ்வளவையும் பம்பாய் எடுக்காது. மிச்சப் பால் வீண். நமது ஆகஸ்ட், செப்டம்பர் வெங்காயம் மாதிரியேதான். அவர்கள் என்ன செய்தார்கள்? மிச்சப் பாலை ஆனந்திலேயே வெண்ணெயாகவும் பால் மாவாகவும் மாற்ற 1955 இல் தொழிற்சாலை கட்டினார்கள். எருமைப் பாலில் மாவு செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்ன காலம் அது. இன்னொன்று, பாலை அளவு பார்த்து மட்டும் எடுக்கவில்லை. கொழுப்பைச் சோதித்து அதற்கேற்பக் காசு கொடுத்தார்கள். தண்ணீர் கலந்தவனுக்கு அவனுடைய தண்ணீரே நட்டம். தராசைத் திருத்தினார்கள், பால் தானாகத் திருந்தியது.

நாம் ஆனந்த் ஆக முடியாது. பால் தினமும் வரும், வெங்காயம் நமது நாட்டில் ஒரே ஒரு போகம்தான். இறக்குமதி இல்லாமல் இந்த நாடு வெங்காயம் சாப்பிடவும் முடியாது. இறக்குமதியை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை, எழுதினால் நாளைக்கு நான் கடை திறக்க முடியாது. நான் சொல்வது இரண்டு மாதத்தைப் பற்றி மட்டும்தான். உள்ளூர் அறுவடை இறங்கும் அந்த இரண்டு மாதத்தில் நமது கொன்டெய்னர்கள் கொஞ்சம் பிந்தி வரட்டும், நமது காசு கொஞ்சம் முந்திக் கிராமத்துக்குப் போகட்டும்.

முன்பணமும் ஸலமும்

முந்திக் காசு கொடுப்பது நமக்குப் புதிய விடயமல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் முந்தியே கனிகளுக்குக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் இருந்தது. அதை அவர்கள் நிறுத்தவில்லை. அளவு, நிறை, தவணை மூன்றையும் தெளிவாக்கிக்கொள்ளச் சொன்னார்கள். பைஉஸ் ஸலம் என்று கிதாபுகளில் படிப்பது இதைத்தான். அதேபோல, வெளியூரிலிருந்து சரக்கோடு வருபவர்களை, அவர்கள் சந்தை விலை அறியும் முன் பாதி வழியில் மறித்து வாங்குவதைத் தடுத்ததும் நாம் அறிந்ததே. தம்புள்ளைக்குள் நுழையும் முன் லொறியை மறித்து விலை பேசுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

2024 மே மாதம், தடை நீங்கிய அதே மாதம், நானும் தெருவில் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து கலேவெலக்குப் போனோம். இந்த முறை சரியான மாதத்தில். அந்தப் பழைய விவசாயியும் அவர் காட்டிய ஐந்து பேருமாக ஆறு பேர். ஒரு ஹஸரத்திடம் கேட்டு முறையாக எழுதினோம். இத்தனை கிலோ, கழுத்து காய்ந்த வெங்காயம், செப்டம்பர் இறுதிக்குள், முழுக்காசும் இப்போதே. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் விலை மாறாது. நான் பயந்துகொண்டுதான் காசை எண்ணினேன். அவர்களும் பயந்துகொண்டுதான் வாங்கினார்கள். சிங்களத்தில் எழுதிய கடதாசியை ஒருவர் மூன்று தடவை வாசித்தார்.

விளைவு இதுதான். நான்கு பேர் சொன்னபடி கொடுத்தார்கள். ஒருவருக்கு மழை பட்டுப் பாதி போனது, கிடைத்த பாதியைக் கொடுத்துவிட்டு மிச்சக் காசை அடுத்த போகத்தில் தருவதாகச் சொன்னார், தந்தார். ஒருவர் கூட விலைக்கு வேறிடத்தில் விற்றுவிட்டு எங்கள் காசைத் திருப்பி அனுப்பினார். அவருக்கு நாங்கள் கோபிக்கவில்லை. முப்பது வருடமாக நாம் செய்ததை அவர் ஒரு தடவை செய்தார். வந்த வெங்காயம் எப்படி? ஒன்றரை மாதம் களஞ்சியத்தில் கிடந்தது, கழிவு எனக்கு வழமையாக வரும் அளவில் பாதியும் இல்லை. பெரிய இலாபமில்லை, நட்டமுமில்லை.

2025 தான் சோதனை. அந்த வருடம் ஏப்ரலில் தம்புள்ளையில் இந்திய உதவியோடு கட்டிய 5,000 தொன் குளிரூட்டிய களஞ்சியம் திறந்து வைக்கப்பட்டது. இந்தியப் பிரதமரே வந்திருந்தபோது நடந்த திறப்பு விழா. ஆனால் ஆகஸ்டில் வெங்காயத்தை வாங்க ஆளில்லை என்று விவசாயிகள் முறையிட்டார்கள். சந்தை இறக்குமதி வெங்காயத்தால் நிறைந்திருந்தது. வரியைப் பிறகுதான் உயர்த்தினார்கள். எங்கள் ஆட்கள் சொன்ன திகதிக்குச் சரக்கைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் மே மாதம் கொடுத்த காசைவிடக் கிலோவுக்கு 40 ரூபா குறைவாகத் தெருவில் வெங்காயம் போய்க்கொண்டிருந்தது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கவும் முடியாது, விலையைக் குறைக்கச் சொல்லவும் முடியாது. ஸலம் என்றால் அதுதான்.

எங்கள் மூவரில் ஒருவர் அன்றே விலகிக்கொண்டார். பிழை சொல்ல முடியாது, அவருக்கு வங்கிக் கடன் இருக்கிறது. நானும் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. ஆனால் ஒரு விடயத்தைக் கவனித்தேன். சரக்கு இறக்கிய அன்று அந்தப் பழைய விவசாயி தராசுக்குப் பக்கத்தில் நின்று, ஈரமாக இருந்த இரண்டு மூடைகளைத் தானாகவே தள்ளி வைத்தார். "இது உங்கள் கணக்கில் வேண்டாம் முதலாளி, இதை நான் சந்தையில் கொடுக்கிறேன்" என்றார். சந்தையில் அதற்கு என்ன விலை கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

குளிர்க் களஞ்சியம் நல்லதுதான். அதில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து, அறுவடை மாதத்தில் வாங்கி நவம்பரில் இறக்கினால் 40 ரூபா நட்டம் வந்திருக்காது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கடைக்காரனுக்கு அது கட்டாது. ஐந்தாறு பேர் சேர்ந்தால் கட்டும். நமது வர்த்தக சங்கக் கூட்டங்களில் பார்க்கிங், கொடிக்கம்பம், வருடாந்த விருந்து எல்லாம் பேசுகிறோம். இதையும் ஒருநாள் பேசலாம்.

நாற்றுமேடை போடுவது ஏப்ரல், மே மாதங்களில். விதையை அதற்கும் முந்தி வாங்க வேண்டும். போன திங்கட்கிழமை கலேவெலயிலிருந்து அவர் தொலைபேசி எடுத்தார். வாப்பாவின் கப்ருக்குப் போனீர்களா என்று முதலில் கேட்டார், பிறகுதான் விடயத்துக்கு வந்தார். இந்த முறை எத்தனை ஏக்கருக்கு விதை வாங்கட்டும் முதலாளி, என்றார். மூன்று பேராக இருந்தபோது பதில் சொல்வது இலேசாக இருந்தது. இப்போது இரண்டு பேர். வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று வைத்திருக்கிறேன்.